ஆபிரிக்க அமெரிக்கரும் தேசிய பூங்காக்களும்: பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

கேள்வி: ஒட்டுசுட்டான் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் சூழல் கழகத்துப் பிள்ளைகளுக்கு மாதத்துக்கு ஒரு நாடு என்று, உலகத்தின் தேசிய பூங்காக்களைப் பற்றிச் சொல்லி வருகிறேன். சென்ற மாதம் ஐக்கிய அமெரிக்காவின் முறை. 1872இல் யெலோஸ்டோன் உருவானது, 1916இல் தேசிய பூங்காச் சேவை அமைக்கப்பட்டது என்று வழமையான பாதையிலேயே போய்க்கொண்டிருந்தேன். திரையில் காட்டிய படங்களுக்கு நடுவே 1899இல் யொசெமிட்டியில் எடுக்கப்பட்ட ஒரு பழைய படம் இருந்தது. கறுப்பினப் படைவீரர்கள் சீருடையோடு குதிரைகளின் மேல் வரிசையாக இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “ரீச்சர், இவர்கள் அந்தக் காட்டில் என்ன செய்கிறார்கள்? மற்றப் படங்கள் ஒன்றிலும் இவர்களைக் காணவில்லையே?” என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் இரண்டு வசனங்களில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது எனக்கே போதவில்லை. வீட்டுக்கு வந்து தேடியபோது, கறுப்பின மக்களுக்குக் காட்டிலும் மலையிலும் நாட்டமில்லை, அது அவர்களுடைய வழக்கமில்லை என்ற பேச்சு அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்து வருவதைக் கண்டேன். அதே நேரத்தில் அந்தப் பேச்சோடு சிறிதும் பொருந்தாத பல செய்திகளும் கிடைத்தன. இந்த வரலாற்றை அறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். அந்த உறவு உண்மையில் எப்படிப்பட்டது? பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் இதே காட்டில் தேன் எடுத்தவர்கள், மரத்தின் பட்டையைத் தொட்டே அது வீரையா பாலையா என்று சொல்லக்கூடியவர்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் காடு என்றால் மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைதான். காட்டுக்குப் போகாதே என்று சொல்லும் தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் என் மகனுக்கு அதையேதான் சொன்னேன். இரண்டு கதைகளையும் வலிந்து ஒன்றாக்க எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளையின் கேள்வி எங்கள் வகுப்பறைக்கும் உரியது என்று எனக்குப் படுகிறது.

பதில் 1: முள்ளியவளை வாசகர்

அன்பான ரீச்சருக்கு,

அந்தப் பிள்ளை கேட்டது மிக நல்ல கேள்வி. படத்திலிருந்தே தொடங்குங்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், 1866இல் அமெரிக்க நாடாளுமன்றம் கறுப்பினத்தவர்களுக்கென்று தனியான படைப்பிரிவுகளை அமைத்தது. அவர்களைத்தான் பஃபலோ வீரர்கள் என்று அழைத்தார்கள். அக்காலத்தில் தேசிய பூங்காக்களைக் காக்கத் தனியான சேவை எதுவும் இருக்கவில்லை. கலிபோர்னியாவில் யொசெமிட்டி, செக்கோயா, ஜெனரல் கிராண்ட் ஆகிய பூங்காக்களைக் கோடை காலங்களில் இராணுவமே காத்தது. 1899, 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு இந்தக் கறுப்பின வீரர்களிடம் வந்தது. களவாக வேட்டையாடுபவர்களைத் தடுப்பது, ஆயிரக்கணக்கில் செம்மறிகளை மேயவிட்டுப் புல்வெளியை அழிப்பவர்களை வெளியேற்றுவது, காட்டுத்தீயை அணைப்பது, பாதை வெட்டுவது ஆகியவை அவர்களுடைய வேலைகள். இன்று ஒரு பூங்கா றேஞ்சர் செய்யும் வேலைகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே செய்தவர்கள் அவர்கள்.

அவர்களுள் சார்ள்ஸ் யங் என்பவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1864இல் கென்டக்கியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1889இல் பட்டம் பெற்றார்; அங்கே பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர் அவர். 1903இல் கப்டனாக இருந்தபோது, செக்கோயா, ஜெனரல் கிராண்ட் பூங்காக்களின் பதில் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் எந்தக் கறுப்பினத்தவரும் அப்படியொரு பதவியை வகித்ததில்லை. சன் பிரான்சிஸ்கோவிலிருந்து பதினாறு நாள் குதிரைப் பயணம் செய்து தன் வீரர்களோடு அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்குள்ள செக்கோயா மரங்கள் உலகத்திலேயே மிகப் பெரியவை. ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்தவையும் அவற்றுள் உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்க வண்டிப் பாதை இல்லை. முந்தைய மூன்று கோடைகளில் வெட்டப்பட்ட பாதை சிறிது தூரத்தோடு நின்றிருந்தது. யங்கின் வீரர்களும் அவரோடு வேலை செய்த உள்ளூர்த் தொழிலாளரும் அந்த மூன்று கோடைகளிலும் சேர்த்து வெட்டியதைவிடக் கூடுதலான தூரத்தை ஒரே கோடையில் வெட்டி முடித்தார்கள். பெருமரக் காட்டுக்குள் முதன்முறையாக வண்டிகள் போயின. பூங்கா எல்லைக்குள் தனியாரிடம் இருந்த நிலங்களை அரசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதி அனுப்பினார்.

வேலை முடிந்தபோது, ஒரு மரத்துக்கு அவருடைய பெயரை வைக்க விரும்பினார்கள். அவர் மறுத்து விட்டார். கறுப்பினக் கல்வியாளரான புக்கர் ரி. வாஷிங்ரனின் பெயரை வைக்கச் செய்தார்; தன் பெயரை வைக்கும் விருப்பம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தால் அப்போது பார்க்கலாம் என்றார். 2004இல்தான், நூறு ஆண்டுகள் கழிந்து, அங்கே ஒரு மரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. முதலாம் உலகப் போர் நடந்த காலத்தில் உடல்நலக் குறைவு என்று காரணம் காட்டி அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். தன் உடல் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக 1918இல் ஒஹாயோவிலிருந்து வாஷிங்ரன் நகர் வரை ஏறத்தாழ எண்ணூறு கிலோமீற்றர் குதிரையில் போனார் அந்த மனிதர்.

ஆகவே “இவர்கள் அந்தக் காட்டில் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்ட பிள்ளையிடம், அந்தக் காட்டைக் காத்து, மற்றவர்கள் போய்ப் பார்க்க வழி வெட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள் என்று நேராகவே சொல்லுங்கள்.

பதில் 2: புதுக்குடியிருப்பு – ரொறன்ரோ

ஆசிரியை அக்காவுக்கு வணக்கம். நான் பிறந்தது புதுக்குடியிருப்பில். இப்போது கனடாவில் இருக்கிறேன். மேலே ஐயா எழுதியது முழுவதும் சரி. ஆனால் தொடக்கம் அதற்கும் முந்தியது என்பதைக் கென்டக்கியிலுள்ள மமொத் குகைக்குப் போனபோது அறிந்துகொண்டேன்.

அளந்து பார்த்த வரையில் அதுவே உலகத்தின் மிக நீளமான குகைத் தொகுதி. 680 கிலோமீற்றருக்கும் மேல் இதுவரை வரைபடமாகியிருக்கிறது. அதை உலகுக்குத் திறந்து காட்டியவர் ஸ்ரீபன் பிஷப் என்னும் அடிமை இளைஞர். 1838இல், பதினேழு வயதளவில், வழிகாட்டியாக வேலை செய்யும்படி அவருடைய எசமானர் அவரை அங்கே கொண்டு வந்தார். அதுவரை எல்லோரும் அடியில்லாத பள்ளம் என்று அஞ்சித் திரும்பிப் போன ஓர் ஆழத்தின் குறுக்கே மரத்தைப் போட்டு அவர் கடந்தார். அதற்கு அப்பால் ஆறுகளையும் அவற்றில் கண்ணில்லாத மீன்களையும் கண்டார். 1842இல் தன் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். அவர் பெயரோடேயே அச்சான அந்தப் படத்தை அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் வரை மக்கள் நம்பிப் பயன்படுத்தினார்கள். விஞ்ஞானிகள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அத்தனைக்கும் அவர் இன்னொருவருடைய உடைமையாகவே இருந்தார். விடுதலை கிடைத்தது 1856இல். மறு ஆண்டே இறந்து போனார்.

அவருடன் வேலை செய்த அடிமைகளான மற், நிக் பிரான்ஸ்போர்ட் ஆகியோரின் வழியில் வந்தவர்கள் நான்கு தலைமுறையாக அங்கே வழிகாட்டிகளாக இருந்தார்கள். 1941இல் அது தேசிய பூங்காவானது. பூங்காச் சேவை அந்தக் குடும்பத்தவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. நூறு ஆண்டுகளாக அந்த இருட்டை வீட்டு முற்றம் போல அறிந்திருந்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். 2004இல்தான் அந்த வழியில் வந்த ஒருவர் மீண்டும் வழிகாட்டியின் தொப்பியோடு உள்ளே போனார். குகைச் சுவரில் பழைய வழிகாட்டிகள் மெழுகுவர்த்திப் புகையால் எழுதிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் முன் நின்றபோது எங்கள் அப்பப்பாவின் நினைவு வந்தது. காட்டுக்குள் இறங்குமுன் ஒரு கிளையை முறித்து ஐயனாருக்கு வைத்து விட்டுத்தான் அவர் அடியெடுத்து வைப்பார்.

நாட்டமில்லை என்ற பேச்சு எப்படி வந்தது என்பதற்கு வெர்ஜீனியாவைப் பாருங்கள். அங்கே 1935இல் உருவான ஷெனண்டோவா பூங்காவில், மலைத்தொடரின் மேலுள்ள சுற்றுலாத் தலங்கள் வெள்ளையருக்கென்றே இருந்தன. கறுப்பினத்தவர்களுக்கு லூயிஸ் மவுண்டன் என்ற ஓரிடத்தை மட்டும் ஒதுக்கி, அப்படியே எழுதிப் பலகையும் நட்டார்கள். 1950 அளவில்தான் அந்தப் பிரிவினை முழுதும் நீங்கியது. அரசின் பூங்காவிலேயே அப்படி. அங்கே போய்ச் சேரும் வழியோ அதைவிடக் கடினம். எந்த ஊரில் தங்க இடம் தருவார்கள், எங்கே உணவு கொடுப்பார்கள், எந்த எரிபொருள் நிலையத்தில் விரட்டாமல் இருப்பார்கள் என்று அறியாமல் ஒரு கறுப்பினக் குடும்பம் வாகனத்தை எடுக்க முடியாது. நியூ யோர்க்கில் வாழ்ந்த தபால் ஊழியரான விக்டர் கிறீன் 1936இல் அதற்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் அது வெளிவர வேண்டியிருந்தது. இப்படியொரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் மலை பார்க்கப் புறப்படுவார்கள்?

பதில் 3: மல்லாவி

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஒரு மறுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அன்போடுதான் சொல்கிறேன்.

பஃபலோ வீரர்களைக் காட்டின் காவலர்களாக மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால் பாதிக் கதைதான் போய்ச் சேரும். மேற்கில் அந்த நாட்டின் பூர்வீகக் குடிகளுக்கு எதிராக நடந்த போர்களிலும் அதே படைப்பிரிவுகள் அனுப்பப்பட்டன. யொசெமிட்டிப் பள்ளத்தாக்கே 1851இல் ஆயுதமேந்திய ஒரு படை நுழைந்து, அங்கே வாழ்ந்த அவாநீச்சி மக்களைத் துரத்திய இடம். அந்தப் பள்ளத்தாக்கைத்தான் பிற்காலத்தில் மனிதக் கைபடாத இயற்கை என்று வர்ணித்தார்கள். தங்களுக்கே முழு உரிமை கொடுக்காத ஒரு நாட்டுக்காக, வேறொரு மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட நிலத்தைக் காத்தவர்கள் அந்த வீரர்கள். இதைச் சொல்வதால் சார்ள்ஸ் யங்கின் பெருமை குறையாது. பதினைந்து வயதுப் பிள்ளைகளால் இந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் இதைவிடச் சிக்கலானவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

பாதுகாப்பு என்ற சொல் எங்கள் பகுதியிலும் இருபுறமும் வெட்டுகிறது. 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. பறவைகளுக்கும் யானைகளுக்கும் அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, என் மாமனார் 1970களில் வெட்டித் திருத்திய வயலின் நடுவே ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றையைக் காட்டிக் காடு என்றார்கள். எந்த ஆவணத்தைக் காட்டினாலும் இன்னோர் ஆவணம் கேட்டார்கள். இதை எழுதுவது அமெரிக்கக் கதையோடு ஒப்பிடுவதற்கன்று. ஒரு வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டப்படும்போது, அந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பதில் 4: கொக்கிளாய்க் கரை

மல்லாவி அண்ணை சொன்ன காணிக் கதையைப் படித்தபோது, அதற்கு எதிர்ப்புறமான ஒன்று நினைவுக்கு வந்தது. புளோரிடாவின் பிஸ்கேன் குடாவில் இஸ்ரேல் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1897இல் போர்கி கீ என்னும் சிறு தீவை வாங்கி, தேசிக்காயும் அன்னாசியும் பயிரிட்டார். அவருடைய மகன் லான்ஸ்லொட் அந்தக் கடலிலேயே வளர்ந்து, பின்னர் நாட்டின் சனாதிபதிகளையும் மீன்பிடிக்க அழைத்துச் சென்ற வழிகாட்டியானார். 1960களில் பெரும் முதலாளிகள் அந்தத் தீவுகளை எல்லாம் வாங்கி, பாலம் போட்டு, நகரம் கட்ட முயன்றார்கள். அவர் விற்க மறுத்தார். பிறகு 1970இல் காணியைப் பூங்காச் சேவைக்கே விற்றார். தான் இருக்கும் வரை அங்கேயே குடியிருக்கும் உரிமையையும் வாங்கிக்கொண்டார். கடற்பஞ்சுகளைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவரே கற்றுக் கொடுத்தார். இன்று அந்தக் குடாவும் தீவுகளும் பிஸ்கேன் தேசிய பூங்கா. கறுப்பினக் குடும்பம் ஒன்று விற்க மறுத்ததும் அந்தக் கடல் தப்பியதற்கு ஒரு காரணம். களப்பில் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை உடனே விளங்கும்.

பதில் 5: நெடுங்கேணி வீதி

அக்கா, நீங்கள் கடைசியாக எழுதிய பயத்தைப் பற்றி ஒருவரும் நின்று பேசவில்லை. நான் அதைப் பற்றி எழுதுகிறேன்.

என் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் வந்து, காட்டோரத்தில் கொட்டில் போட்டுக் குடியேறினார். வந்த புதிதில் இந்தக் காட்டில் எந்த இலையைப் பறிக்கலாம், எந்தப் பழத்தைத் தின்னலாம் என்று ஒன்றும் தெரியாது. பசிதான் கற்றுக் கொடுத்தது என்பார். அதே பாட்டி போருக்குப் பிறகு விறகுக்குக்கூட உள்ளே போக மாட்டார். காட்டை அறிவதும் காட்டுக்கு அஞ்சுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதை அவரிடம் கண்டேன்.

ஹரியட் ரப்மனின் வாழ்க்கையைப் படித்தபோது இதுவே எனக்கு நினைவுக்கு வந்தது. மேரிலாந்தின் சதுப்பு நிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்த்து வர அனுப்பப்பட்டவர். பின்னர் மரம் வெட்டும் வேலை செய்த தந்தையோடு காட்டில் உழைத்தார். அந்த அறிவுதான் 1849இல் அவரைத் தப்ப வைத்தது. அதன் பிறகு பதின்மூன்று தடவைகள் அளவில் திரும்பிப் போய் எழுபது பேரளவில் மீட்டு வந்தார். இரவு நீண்டிருக்கும் மாரிகாலத்தைத் தெரிந்தெடுத்தார். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கே நடந்தார். மறைந்திருப்பவர்களுக்கு ஆந்தையின் குரலில் சைகை கொடுத்தார் என்று சொல்கிறார்கள். அந்தக் காடு அவர்களை ஒளித்து வைத்தது. பிடிகாரர்களின் நாய்களும் அதே காட்டில்தான் வந்தன. அடிமை முறை ஒழிந்த பின்னும் கறுப்பினத்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள்; பலர் மரக்கிளைகளில் தூக்கிலிடப்பட்டார்கள். அதைப் பார்த்த ஒரு தாய் தன் பிள்ளையைக் காட்டுப் பக்கம் போகாதே என்று தடுத்தால், அதை நாட்டமின்மை என்று எப்படிச் சொல்வது?

பயம் அங்கே முற்றாகப் போய்விடவும் இல்லை. 2020இல் நியூ யோர்க் மத்திய பூங்காவில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர், நாயைக் கட்டும்படி கேட்டதற்காக, அந்த நாயின் சொந்தக்காரி பொலிசை அழைத்து, அவர் தன்னை அச்சுறுத்துவதாகச் சொன்னார். அந்த வாரமே கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் ஒன்று கூடித் தங்களுக்கென்று ஒரு வாரத்தை அறிவித்தார்கள். அது ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கு முன்பே 2009இல் ரூ மாப் என்பவர் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ‘அவுட்டோர் ஆப்ரோ’ என்ற அமைப்பைத் தொடங்கி, மக்களைக் கூட்டமாகக் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போகிறார். தனியே போக அஞ்சுகிறவர்கள் சேர்ந்து போகிறார்கள். வகுப்பில் இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி கேட்டவரின் பதில்: ஒட்டுசுட்டான் ஆசிரியை

எல்லோருக்கும் என் நன்றி. மல்லாவி அண்ணை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். படத்தைக் காட்டிய கையோடு, 1851இல் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததையும் சொல்லப் போகிறேன். சார்ள்ஸ் யங்குக்கு ஒரு பாடவேளை. ஸ்ரீபன் பிஷப்புக்கும் அவருக்குப் பின் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் ஒன்று. லான்ஸ்லொட் ஜோன்ஸின் கதையை எங்கள் வகுப்பிலிருக்கும், கடலோர ஊரான அளம்பிலைச் சேர்ந்த பிள்ளையைக் கொண்டே சொல்லச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

முள்ளியவளை ஐயாவுக்கு ஒரு செய்தி. உங்கள் பதிலை அச்செடுத்து, கேள்வி கேட்ட பிள்ளையிடம் நேற்றுக் கொடுத்தேன். படித்து முடித்து விட்டு, பெயர் வைக்க இருபது ஆண்டு பொறுக்கச் சொன்னவரை நூறு ஆண்டு காக்க வைத்தார்களா என்று கேட்டாள். பிறகு, தன் அம்மப்பாவுக்கு முத்தையன்கட்டுக் காட்டின் தேன் மரங்கள் எல்லாம் தெரியும், ஆனால் அவர் அதைப் பற்றி வீட்டில் ஒன்றும் பேசுவதில்லை என்றாள். அவரைப் பாடசாலைக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். வந்தால் வகுப்பறையில் இருத்த மாட்டேன். மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பாதை ஒன்று குளத்தின் அலைகரையோரமாக இருக்கிறது. பாலைப்பழம் விழும் காலத்தில், பெற்றோரின் ஒப்புதலோடும் கிராம அலுவலரைக் கேட்டுக்கொண்டும், அவர் முன்னால் நடக்கப் பிள்ளைகளோடு அந்தப் பாதையில் போவதாக இருக்கிறோம்.